பன்னிரண்டாயிரம் லிட்டரும் ஒரு தேங்காயும்

தண்ணி லாரி ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கு,

ஸ்டாண்டு வாட்ஸப் குரூப்பில் கேட்டிருந்தீர்கள்: "அண்ணே, இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கீங்க. எங்களுக்கு உபயோகமா ஏதாவது எழுதுங்க." இருபத்திரண்டு வருஷத்தையும் கவிழ்த்து வடிகட்டிப் பார்த்தேன். உபயோகமானது ஒரு டம்ளர் தேறும் போலிருக்கிறது. சிந்தாமல் தர முயல்கிறேன்.

என் இடுப்பெலும்புகள் இரண்டுக்கு நடுவே ஏதோ பிதுங்கிக்கொண்டு விட்டதாம். "இனிமே ஸ்டியரிங் பக்கம் போகாதீங்க" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் ஓய்வு பெற்றவன். ஐம்பத்து மூன்று வயதில் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் மனைவிக்கு அந்தக் கூச்சம் இல்லை. யார் கேட்டாலும் "சும்மா இருக்கார்" என்கிறாள்.

கிளட்ச், கியர், வால்வு எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

நம் தொழிலின் தலையாய கஷ்டம் சிறுநீர். நெடுஞ்சாலை லாரிக்காரன் ஒரு புளியமரம் பார்த்து ஒதுங்கிவிடுவான். நாம் பெருங்குடி தாண்டிக் கிளம்பினால் மயிலாப்பூர் வரைக்கும் மரமே கிடையாது. இருக்கிற மரத்துக்கடியில் இளநீர்க் கடையோ இஸ்திரி வண்டியோ இருக்கும். முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் சளக் சளக் என்று தாளம் போட, மத்திய கைலாஷ் சிக்னலில் உட்கார்ந்திருப்பவனின் மனநிலையை எந்த இலக்கியமும் இதுவரை தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. நூறு வீட்டுக் குளியலறைக்கு நாம்தான் தண்ணீர் தருகிறோம். அந்த நூறில் ஒன்றுக்குள்கூட நம்மை விட மாட்டார்கள். வழி: காலையில் டீயைக் குறையுங்கள். நான் குறைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்தது மரியாதை. தீபாவளிக்கு முந்தின வாரம் பாண்டி பஜார் பக்கம் ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றேன். ஓர் அம்மாள் ஏழு துணிப்பைகளை என் பம்பர் மேல் வரிசையாக வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கோப்பா, பிளவுஸ் பிட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டாள். வழி திறந்தது. பின்னால் இருந்தவர்களெல்லாம் ஆரன் அடித்தார்கள். நான் பிளவுஸ் பிட்டுக்காகக் காத்திருந்தேன். வந்தவள் பைகளை எண்ணிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். இதுதான் நமக்குச் சமூகத்தில் இருக்கும் இடம். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் தொழிலில் ஒரு வழக்கமும் ஒரு பொய்யும் உண்டு. இரண்டையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் இந்நேரம் தானாகவே வந்திருக்கும்.

வழக்கம்: சம்ப் மூடி, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, திறந்திருக்கும் வீடுதான் நம் வீடு. மேப்பைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, அது கொண்டுபோய் நிறுத்துவது நடுத்தெருவில். வீட்டு எண்ணைப் பார்க்கலாம் என்றால் இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. இரண்டில் ஒன்றின் மேல் டியூஷன் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஆனால் தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள் மூடியைத் திறந்து வைத்திருப்பார்கள். திறந்த மூடியைப் பார், ஓஸ் பைப்பை இறக்கு, வால்வைத் திற.

பொய்: "வந்துட்டே இருக்கேம்மா. அடையாறு பாலத்துல நிக்கறேன். அஞ்சு நிமிஷம்." கிணற்றடியில் லோடு ஏற்ற வரிசையில் பதினோராவது வண்டியாக நின்றாலும் இதையே சொல்வோம். நாம் பொய்யாக நின்ற அத்தனை முறையும் நிஜமாகவே நின்றிருந்தால் அந்தப் பாலம் என்றைக்கோ இறங்கியிருக்கும்.

இந்த வழக்கமும் இந்தப் பொய்யும் ஒரே காலையில் மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் என்னைச் சந்தித்தன.

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய சித்திரை மாதம். எனக்குக் கிளீனர் கன்னியப்பன். சைதாப்பேட்டைக்காரன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். நான் வண்டியில் புத்தகம் படிப்பதால் என்னை 'வாத்தியாரே' என்பான். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. வண்டி முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. என் மேல் ஏற்கெனவே மூன்று புகார்கள். ஒன்று தாமதம், ஒன்று தாமதம், இன்னொன்று பெரிய தாமதம். அன்றைக்கு முந்தின நாள்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "வே, இன்னும் ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா சாவிய மேசையில வச்சிட்டுப் போயிட்டே இரும்."

காலை லோடு மயிலாப்பூருக்கு. வசந்தி என்றொரு அம்மாள் புக் செய்திருந்தார். அந்த வீட்டில் அன்று என்ன விசேஷம் என்பதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் அப்போது தெரியாது. அவருடைய அப்பா சாமிநாதனுக்குச் சதாபிஷேகம், அதாவது எண்பதாம் கல்யாணம். பத்தரைக்குள் முகூர்த்தம். பெரியவரையும் அவர் மனைவியையும் பலகையில் உட்கார வைத்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையில் தண்ணீர் ஊற்றவேண்டும். அதுதான் விசேஷமே. இரண்டு நாளாக அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை. வீட்டில் எண்பது விருந்தாளிகள், ஒரு சமையல்காரர், இரண்டு கழிவறை. கலசங்களுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கிச் சமாளித்திருந்தார்கள்.

இதையெல்லாம் வசந்தி அம்மாள் எனக்குச் சொல்லத்தான் காலையிலிருந்து நாலு தடவை போன் செய்தார். "டிரைவர், ஆத்துல இன்னிக்கு அப்பாவுக்கு..." என்று ஆரம்பிப்பார். "வந்துட்டே இருக்கேம்மா, அடையாறு பாலம்" என்று நான் வைத்துவிடுவேன். மூன்று நொடிக்கு மேல் வாடிக்கையாளர் பேசுவதைக் கேட்கும் பழக்கம் என்னிடம் இல்லை.

ஒன்பதரை சுமாருக்குச் சந்துக்குள் நுழைந்தேன். வலது பக்கம் ஒரு மாடி வீடு. வாழைமரம், மாவிலைத் தோரணம், உள்ளே நாதஸ்வரம், வாசலில் ஐம்பது ஜோடிச் செருப்பு. வாசல் முழுக்க அடைத்து ஒரு மாக்கோலம், செம்மண் பார்டரோடு. அதற்காகத் தெருவையே அகலப்படுத்தலாம் போன்ற கோலம். அதன் மேல் டயர் ஏறிவிடக் கூடாதென்று நான் மூன்று முறை ரிவர்ஸ் எடுத்தேன். 'பாவம், விசேஷ வீட்டுக்கு எதிரே லாரியை நிறுத்துகிறோமே' என்று வருத்தம்கூடப் பட்டேன். அவ்வளவு நல்லவன்.

இடது பக்கம் பச்சை கேட் போட்ட ஒரு தனி வீடு. கேட் திறந்திருந்தது. உள்ளே சம்ப் மூடியும் திறந்திருந்தது.

"வாத்தியாரே, கேட்டுக்கினு ஊத்தலாமா?" என்றான் கன்னியப்பன்.

"கண்ணு தெரியலையா? மூடி தொறந்து கெடக்கு."

"கெடக்குது. ஆளைக் காணுமே."

"தண்ணி வர்றதுக்குப் பூரண கும்பமா எடுப்பாங்க? போடுய்யா ஓஸை."

போட்டான். வால்வைத் திறந்தேன். ஏறி சீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். கதாநாயகி விஷம் குடிப்பதா வேண்டாமா என்று நாற்பது பக்கமாக யோசித்துக்கொண்டிருந்த கட்டம். அவள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நம் டேங்க் காலியாகிவிட்டது. பின்னால் கன்னியப்பன் தகரத்தைத் தட்டி 'டொய்ங்' என்று காலிச் சத்தம் கேட்கவைத்தான்.

அப்போது போன் அடித்தது. யார் என்று பார்க்கவில்லை. அடுத்த லோடுக்காரராக இருக்கும் என்று வாய் தானாகவே சொல்லிற்று: "வந்துட்டே இருக்கேம்மா. அடையாறு பாலத்துல நிக்கறேன். அஞ்சு நிமிஷம்."

மறுமுனையில் வசந்தி அம்மாளின் குரல், "ஏன் டிரைவர், அடையாறு பாலத்துல எங்க எதிராத்து கேட் மாதிரியே ஒரு பச்சை கேட் இருக்கோ?"

"என்னம்மா?"

"சித்த நிமிர்ந்து பாருங்கோ."

நிமிர்ந்தேன். விசேஷ வீட்டு மாடி பால்கனியில், மடிசார் பட்டுப்புடவையில் ஓர் அம்மாள் காதில் போனை வைத்துக்கொண்டு எனக்குக் கை ஆட்டினார். வரவேற்பதற்காக ஆட்டிய கை அல்ல.

"எங்க தண்ணிய எங்க ஊத்திண்டிருக்கேள்?" என்றார். போனில் ஒரு தடவையும் நேரில் ஒரு தடவையுமாக அது எனக்குக் கேட்டது.

நான் இறங்குவதற்குள் பச்சை கேட் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். பெயர் கோதண்டம். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. பாதி முகத்தில் ஷேவிங் நுரை, மீதிப் பாதியில் கோபம். அன்று காலைதான் ஆள் வைத்துச் சம்ப்பைக் கழுவி, காயட்டும் என்று மூடியைத் திறந்து போட்டிருந்தாராம்.

"யாரைக் கேட்டு ஊத்தினீங்க?"

"மூடி தொறந்து கீதே நைனா," என்றான் கன்னியப்பன்.

"வீட்டுக் கதவு தொறந்திருந்தா உள்ள வந்து பீரோவைத் தொறப்பியா?"

"பீரோல தண்ணி ஊத்த மாட்டோம் சார்," என்றான் கன்னியப்பன், மிகுந்த நேர்மையோடு.

நான் குறுக்கே புகுந்தேன். இந்த இடத்தில் உங்கள் அண்ணன் காட்டிய நிதானத்தைக் கவனியுங்கள். நெருக்கடியில் மூளை வேலை செய்ய வேண்டும் என்பார்களே, என் மூளை வேலை செய்தது. அதுதான் பிரச்சினை.

"சார், தப்பா நினைக்காதீங்க. இது உப்புத் தண்ணி, உடம்புக்கு ஆகாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எங்க வண்டி மோட்டாரைப் போட்டுத் திரும்ப உறிஞ்சி எடுத்துக்கறோம்."

கோதண்டம் சாரின் கண்கள் பிரகாசித்தன. "அப்படியா? உடம்புக்கு ஆகாத தண்ணியையா அந்த எண்பது வயசு ஆசாமி தலையில ஊத்தக் கொண்டுவந்தீங்க? இருங்க, முதல்ல இதை அவங்ககிட்ட சொல்லிட்டு வர்றேன்."

"ஐயோ சார், நல்ல தண்ணிதான் சார்!"

"நல்ல தண்ணியா? அப்ப இருக்கட்டும். பத்தொன்பது வருஷத்துல அந்த வீட்டிலேர்ந்து எனக்கு வந்து சேர்ந்த உருப்படியான பொருள் இது ஒண்ணுதான்."

அப்புறம்தான் கதை தெரிந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், சாமிநாதன் வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு தேங்காய், தெருவில் நின்ற கோதண்டம் சாரின் புது ஸ்கூட்டர் மேல் விழுந்து ஹெட்லைட் நொறுங்கியிருக்கிறது. "அது எங்க மரத்துத் தேங்காயே இல்லை, காக்காய் தூக்கிண்டு வந்து போட்டிருக்கும்" என்றாராம் சாமிநாதன். கோதண்டம் சார் அந்தத் தேங்காயை எடுத்துப்போய், 'சான்றுப் பொருள்' என்று சீட்டு ஒட்டி, கூடத்து அலமாரியில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. காக்காய் தேங்காய் தூக்குமா என்று நீங்கள் கேட்கலாம். அவரும் பத்தொன்பது வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மணி பத்து. இன்னொரு லோடு ஏற்றிக்கொண்டு வர மூன்று மணி நேரம் ஆகும். விசேஷ வீட்டு வாசலுக்குச் சமையல்காரர் கரண்டியோடு வந்து, "தண்ணி இல்லேன்னா சாம்பாரைப் பொடியாத்தான் போடுவேன், அவாவா எச்சல் தொட்டுண்டு சாப்பிடட்டும்" என்று தெருவுக்கே அறிவித்தார். மறுபடி போன். அண்ணாச்சி.

"வே, எங்க இருக்கீரு?"

"அடையாறு பாலத்துல அண்ணாச்சி, அஞ்சு..."

"அந்தம்மா கான்பரன்ஸ்ல இருக்காவ வே."

"நமஸ்காரம்," என்றது வசந்தி அம்மாளின் குரல்.

"இன்னும் அரை மணி நேரத்துல அந்தப் பெரியவரு தலையில தண்ணி விழல, உம்ம தலையில இடி விழும், பாத்துக்கிடும்," என்று அண்ணாச்சி வைத்துவிட்டார்.

தம்பிகளே, அப்போது எனக்கு ஞானம் ஒன்றும் பிறக்கவில்லை. கைவசம் இருந்த பொய்கள் தீர்ந்துவிட்டன, அவ்வளவுதான். வேறு சரக்கு இல்லாததால் உண்மையைச் சொன்னேன்.

"சார், தப்பு என்னுது. எந்த வீடுன்னு கேக்கல. கிளீனர் கேக்கச் சொன்னான், கேக்கல. அந்தம்மா நாலு தடவை போன் பண்ணாங்க, என்ன சொல்ல வர்றாங்கன்னு காது குடுக்கல. உப்புத் தண்ணின்னு சொன்னதும் பொய்."

கோதண்டம் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்தவர். இந்த ரகம் அவருக்கு அதிகம் வாய்த்திருக்காது.

"எழுதிக் குடுப்பியா?"

"என்னது சார்?"

"இப்ப சொன்னதை. எழுதி, கையெழுத்துப் போட்டு."

காம்பவுண்டுச் சுவர் மேல் பேப்பரை வைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், சுயபுத்தியுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்...' என்று போயிற்று. "சுயபுத்தின்னா போடறது?" என்று கன்னியப்பன் ஆட்சேபித்தான். அதை கோதண்டம் சார் ஏற்கவில்லை. பன்னிரண்டாயிரம் லிட்டர் என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வைத்தார். அவர் கன்னத்து நுரை காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. மணி பத்து பத்து.

நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது எதிர் வீட்டில் நாதஸ்வரம் நின்றது. பஞ்சகச்சம், கழுத்தில் மாலை, நெற்றி நிறைய விபூதி. சாமிநாதன் மாமாவே படி இறங்கி, கோலத்தைச் சுற்றிக்கொண்டு, தெருவைக் கடந்து வந்தார். பின்னால் வசந்தி அம்மாள், சாஸ்திரிகள், எண்பது பேரில் பாதி.

"கோதண்டம். தண்ணி வேணும்," என்றார்.

"காக்காய்கிட்ட கேளுங்க. தேங்காயே தூக்குதே, தண்ணி தூக்காதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். சாமிநாதன் மாமா சுவர் மேல் இருந்த பேப்பரைப் பார்த்தார். "இது என்ன?"

"வாக்குமூலம். டிரைவர் எழுதினது. தப்பு பண்ணினா எப்படி ஒத்துக்கறதுன்னு தெரியணும்னா படிச்சுப் பாருங்க."

மாமா கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தார். சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தை அவர் கண்ணில் படும்படி திருப்பித் திருப்பிக் காட்டினார். படித்து முடித்ததும் என்னிடம், "அந்தப் பேனாவைக் கொடு" என்றார். என் கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதினார்:

'தேங்காய் எங்கள் மரத்தினுடையது. காக்காய் இல்லை.'

அதற்கும் கீழே கையெழுத்து, தேதி.

கோதண்டம் சார் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு பேப்பரை நாலாக மடித்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்தினார்: "என்னய்யா வேடிக்கை பார்த்துட்டு நிக்கறே? மோட்டாரைப் போடு!"

மணி பத்து இருபது. தண்ணீரை டேங்குக்கு ஏற்றி, மறுபடி இறக்க நேரமில்லை. சம்ப்பிலிருந்து உறிஞ்சி நேராகத் தெருவிலேயே பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அண்டா, குடம், சருவம், பக்கெட், யாரோ ஒருவரின் ஃபிளாஸ்க் எல்லாம் வரிசைக்கு வந்தன. பட்டு வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. கன்னியப்பன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டான். ஓஸின் வாயை அண்டாவுக்கு நேராக இரண்டு கையாலும் நான் பிடித்துக்கொண்டேன். பெரியவர்கள் இருவரும் பக்கத்திலேயே நின்று, பத்தொன்பது வருஷத்துப் பேச்சை ஆரம்பித்திருந்தார்கள்.

"காக்காய்னு சொல்ல எப்படி ஐயா மனசு வந்தது?"

"வாய்ல வந்துடுத்து கோதண்டம். சொன்னப்புறம் எப்படி வாபஸ் வாங்கறது?"

"ஒரு அணில்னாவது சொல்லியிருக்கலாம்."

மோட்டார் செருமியது. ஓஸ் உப்பியது. தண்ணீர் புறப்பட்டுவிட்டது என்று கை நரம்பில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

வருஷக்கணக்கான பழக்கம் தம்பிகளே. போன் அடித்தால் வலது கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். போயிற்று. இடது கையில் மட்டும் இருந்த ஓஸ் நல்ல பாம்பு மாதிரி எழுந்து நின்று, ஒரு முறை இப்படியும் அப்படியும் பார்த்தது. பிறகு எண்பது வயதுக்காரர் தலையிலும் எழுபத்தெட்டு வயதுக்காரர் தலையிலும் ஒரே சமயத்தில் தண்ணீரைக் கொட்டியது.

"வந்துட்டே இருக்கேன்," என்றேன் போனில்.

போனில் அண்ணாச்சி. "என்ன வே அங்க சத்தம்?"

சத்தம்தான். எண்பது பேர் 'ஐயையோ' என்றார்கள். கன்னியப்பன் "புடி வாத்தியாரே, புடி!" என்று அலறினான். இதற்கு நடுவே சாஸ்திரிகள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார், நனைந்து நின்ற பெரியவரைப் பார்த்தார், ஒரு நொடி யோசித்தார். "முகூர்த்தம் ஆயிண்டிருக்கு. ஆரம்பிச்சதாவே வெச்சுக்கலாம். மாமி, நீங்களும் வந்து நில்லுங்கோ. கெட்டி மேளம்!"

பெரியவரின் மனைவியான மாமி ஓடி வந்தார். கலசங்கள் தெருவுக்கே வந்தன. நாதஸ்வரக்காரர் உள்ளேயிருந்து ஊதிக்கொண்டே ஓடி வந்தார். மந்திரம் முழங்க, உறவுக்காரர்கள் அண்டாவிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினார்கள். கோதண்டம் சார் நகரப் பார்த்தார். சாமிநாதன் மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பத்தொன்பது வருஷம் தள்ளி நின்னேள், ரெண்டு நிமிஷம் கூட நில்லுங்கோ." கன்னத்து நுரையெல்லாம் கரைந்து, பாதிச் சவரத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு அவரும் நின்றார். அவர் தலையிலும் நாலைந்து பேர் ஊற்றினார்கள். அவர் யார் என்றுகூடத் தெரியாத தூரத்து உறவுக்காரர்கள்.

அத்தனை தண்ணீரும் சரிவு பார்த்து எதிர் வீட்டு வாசலுக்கு ஓடியது. வசந்தி அம்மாளின் கோலம் செம்மண்ணும் மாவுமாகக் கரைந்தது. கரைந்த இடத்தில், கோலத்துக்குச் சரியாக நட்டநடுவில், துருப்பிடித்த ஓர் இரும்பு மூடி தலை காட்டியது.

சம்ப் மூடி.

நானும் கன்னியப்பனும் அதைப் பார்த்தோம். வசந்தி அம்மாளும் பார்த்தார். "லாரி வந்தப்புறம் போடலாம்னுதான் இருந்தேன். உங்க அடையாறு பாலத்தை நம்பினா கோலமே போட்டிருக்க முடியாது," என்றார். நியாயம்தான்.

மிச்சத் தண்ணீரை அந்த மூடியைத் திறந்து உள்ளே விட்டோம். சாம்பார் சாம்பாராகவே வந்தது. எனக்கும் கன்னியப்பனுக்கும் பந்தியில் இலை போட்டார்கள். அதைவிட முக்கியமாக, நான் கேட்காமலேயே, "கைகால் அலம்பணும்னா உள்ள பாத்ரூம் இருக்கு" என்றார் மாமி. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அது.

சாப்பாட்டுக்கு நடுவில் கோதண்டம் சார் உலர்ந்த சட்டையோடு வந்தார். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, நடுவே சீட்டு ஒட்டிய அந்தத் தேங்காய். வற்றிச் சுருங்கி ஒரு பெரிய ஜாதிக்காய் மாதிரி இருந்தது. சாமிநாதன் மாமா அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"தண்ணி இருக்கா?" என்றார் கோதண்டம் சார்.

"ஒரு சொட்டு இல்ல."

"உங்க வீட்டுப் பொருளாச்சே."

சாயங்காலம் சாவியோடு அண்ணாச்சியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அதற்குள் வசந்தி அம்மாளிடம் அவர் பேசியிருந்தார். "தண்ணி வந்துதாம்மான்னு கேட்டேன் வே. 'வந்தது. எப்படி வந்ததுன்னு மட்டும் கேக்காதேங்கோ'ன்னு சொல்லிட்டாவ. இது கம்ப்ளைண்டா இல்லியான்னு எனக்கே வெளங்கல," என்றார். வெளங்காத காரணத்தால் சாவி என்னிடமே இருந்தது.

கோதண்டம் சார் வீட்டு அலமாரியில் தேங்காய் இருந்த இடம் காலியாகவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு என் வாக்குமூலம் அங்கே நிற்கிறது. மேலே நான், கீழே காக்காய். அதன் பிறகு அந்தச் சந்துக்கு நான் லோடு கொண்டுபோன ஒவ்வொரு முறையும் கோதண்டம் சார் வெளியே வந்து, முதலில் தன் சம்ப் மூடி மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டுச் சட்டத்தைக் காட்டுவார். உங்களுக்கும் காட்டுவார். படியுங்கள்.

அவ்வளவுதான். எந்த வீடு என்று கேளுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அந்த இடத்தைச் சொல்லுங்கள். சொல்லிப் பார்த்தால் அது அவ்வளவு கஷ்டமில்லை, கொஞ்சம் திட்டு விழும், அவ்வளவே. அந்தச் சந்தில் வாசல் நிறையக் கோலம் இருந்தால், மூடி அதற்குக் கீழேதான் இருக்கிறது. போன் அடித்தால், தயவுசெய்து, முதலில் மோட்டாரை நிறுத்துங்கள்.